பெடலை நிறுத்தினாலும் ஓடும் சக்கரம்

சைக்கிளில் உள்ள கண்டுபிடிப்புகளில் எது பெரியது என்று கேட்டால் பலரும் காற்றடைத்த டயரைச் சொல்வார்கள். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் அதற்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். கொஞ்சம் உள்விவரம் தெரிந்தவர்கள், 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய உருளைச் செயினைச் சொல்வார்கள். அதுதான் பிறகு ஆலைகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் போனது. இரண்டும் பெரிய சங்கதிகள்தான். ஆனாலும் என் ஓட்டு ஃப்ரீவீலுக்கு.

பின்சக்கரத்தின் வலப்பக்கம், உள்ளங்கையில் அடங்கும் அளவில், செயினைச் சுமந்துகொண்டு எண்ணெய் அழுக்கோடு இருக்கும் எஃகு வட்டம் அது. மிதித்தால் சக்கரத்தைத் தள்ளும்; மிதிப்பதை நிறுத்தினால் சக்கரத்தை அதன் போக்கில் விட்டுவிடும். வேலை அவ்வளவுதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆலைப் பராமரிப்பில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பொருள்களைச் சேர்த்து ஓடவைப்பது பொறியியலில் பாதிதான். எந்த நேரத்தில் அவை ஒன்றையொன்று விட்டுவிட வேண்டும் என்பது மறுபாதி. பல விபத்துகள் அந்த மறுபாதியில்தான் நடக்கின்றன.

ஒரு சாதாரண ஃப்ரீவீலைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு உடல். அது மரை மூலம் சக்கரத்தின் ஹப்போடு, அதாவது நடுக்குடத்தோடு, முறுக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பில் இரண்டு குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு எஃகு நாக்கு, அதை வெளியே தள்ளிப் பிடித்திருக்கும் மயிரிழைக் கம்பிச் சுருள். சுற்றிலும் ஒரு வளையம். அதன் வெளிப்புறத்தில் செயின் ஏறும் பற்கள், உட்புறத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்த பற்கள். மிதிக்கும்போது உட்புறப் பல்லின் செங்குத்தான முகம் நாக்கில் மோதித் தள்ளுகிறது; சக்கரம் சுற்றுகிறது. கால் நின்றதும் வளையம் நின்றுவிடும். சக்கரம் தன் வேகத்தில் ஓட, நாக்குகள் பற்களின் சாய்வான முதுகில் ஏறி ஏறி விழும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்கும் டிக் டிக் அதுதான்.

இதை நான் பார்த்துத் தெரிந்துகொண்டது சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்த வாடகை சைக்கிள் கடையில். கடைக்காரரைச் சிறுவர்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஃப்ரீவீலின் மூடியில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் பஞ்ச் என்ற கூர்முனை எஃகுக் கம்பியை வைத்துச் சுத்தியால் தட்டி, மற்ற மரைகளுக்கு நேர்மாறாக, வலப்பக்கம் சுற்றித்தான் கழற்றுவார். கழன்றதும் பால்ரஸ் குண்டுகள் தட்டில் கொட்டும். அவற்றைப் பொறுக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. மண்ணெண்ணெயில் அலசிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் போல மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுவார். கிரீஸ் தொடவே மாட்டார். கிரீஸ் கெட்டியானால் நாக்கு குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பல் வந்து மோதும்போது நாக்கு வெளியே இருக்காது. பெடல் சும்மா சுற்றும். சறுக்கும் பொருளுக்கெல்லாம் கிரீஸ் நல்லது என்று நம்பும் பையன்களிடம், “இங்கே வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்” என்பார். இந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு ஜெர்மன் இயந்திரத்தின் கையேட்டில் வேறு சொற்களில் படித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மரையைப் பற்றி ஒன்று. ஃப்ரீவீல் ஹப்பில் சாதாரண வலது மரையில்தான் ஏறுகிறது. மிதிக்க மிதிக்க இறுகும். பின்னோக்கிய விசை அதன் வழியாக ஹப்புக்குப் போகவே முடியாது என்பதால் அது தானாகக் கழலாது. தனியாகப் பூட்டு வளையமும் வேண்டாம். ஃப்ரீவீல் இல்லாமல் பல்சக்கரத்தை நேராகப் பொருத்திய பந்தய சைக்கிள்களில், கால் பின்னோக்கி அழுத்தும்போது கழன்றுவிடாதிருக்க எதிர்மரையில் ஒரு பூட்டு வளையம் போடுகிறார்கள். விசை ஒரே திசையில்தான் வரும் என்ற உறுதி கிடைத்தால் எத்தனை பாகங்கள் மிச்சமாகின்றன பாருங்கள்.

சைக்கிள் பிறந்த காலத்தில் இது கிடையாது. முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டளவு என்றிருந்த பழைய சைக்கிளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். இறக்கத்தில் கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் துணிந்தவர்கள் கால்களைத் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். குழியிலோ கல்லிலோ தட்டினால் தலைகுப்புற விழுவதுதான் முடிவு. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இன்றைய சைக்கிளின் உருவத்தில், இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதிலும் பெடல் சக்கரத்தோடு பிணைந்தேதான் இருந்தது. முன்கவையில் கால் வைத்துக்கொள்ள இரண்டு முளைகள் கொடுத்தார்கள். இறக்கத்தில் காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே பெடல்கள் பேய் பிடித்தது போல் தாமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வியப்பு என்னவென்றால், தீர்வு அதற்கு முன்பே இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரைச் சேர்ந்த வில்லியம் வான் ஆண்டன் 1869-லேயே ஃப்ரீவீல் ஹப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பரவலாக அது சாலைக்கு வர நூற்றாண்டின் இறுதி ஆகிவிட்டது. உலகம் புரிந்துகொள்ளவில்லை, மேதை புறக்கணிக்கப்பட்டார் என்று வழக்கமான சோகக் கதை எழுத எனக்கு விருப்பமில்லை, காரணம் எளிமையானது. பிணைந்த பெடலில் கால்தான் பிரேக். பெடலை எதிர்த்து அழுத்தினால் சக்கரம் மெதுவாகும். ஃப்ரீவீலைப் போட்டால் அந்த பிரேக் போய்விடும். அன்றிருந்த மற்றொரு பிரேக், டயரின் மேல் ஒரு கட்டையை அழுத்துவது. திட ரப்பருக்கு அது சரி, டன்லப்பின் காற்று டயரை அது தேய்த்துத் தின்றுவிடும். நல்ல பிரேக் இல்லாதவரை ஃப்ரீவீல் ஒரு ஆபத்துதான். அன்றைய சைக்கிள்காரர்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்ததைச் சோம்பேறித்தனத்தின் மீதான வெறுப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆக, ஃப்ரீவீல் சாலைக்கு வந்தபோது தனியாக வரவில்லை. பிரேக்கையும் கையோடு அழைத்து வந்தது. பிரிட்டனில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் பெருகின. அவற்றில் ஒரு வகை, கம்பிகளும் நெம்புகோல்களுமாக ஹேண்டிலிலிருந்து ரிம் வரை இறங்கும் பிரேக், நம்மூர்க் கறுப்பு சைக்கிள்களில் இன்றைக்கும் இருக்கிறது. பால்காரர் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். எர்னஸ்ட் பவ்டன் 1896-இல் காப்புரிமை பெற்ற கேபிள், உறைக்குள் கம்பி ஓடும் அந்த எளிய சாதனம், பிறகு சைக்கிள் பிரேக்குக்கு வந்தது. அங்கிருந்து மோட்டார் சைக்கிள் கிளட்ச் வரை போனது.

ஜெர்மனியின் வழி வேறு. ஷ்வைன்ஃபுர்ட் என்ற நகரம் அந்தக் காலத்துக்கு ஒரு தொழில்நுட்பத் தலைநகரம். 1883-இல் அங்கே ஃபிரெடரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் அரைத்து எடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். பால் பேரிங் மலிவாகக் கிடைக்க அதுவே வழி திறந்தது. அதே ஊரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ், தாமே சைக்கிள் பந்தயக்காரர், 1895-இல் கார்ல் ஃபிக்டலோடு சேர்ந்து தொழிற்சாலை தொடங்கினார். 1903-இல் அவர்கள் விற்க ஆரம்பித்த டார்பிடோ ஹப்பை நான் ஒரு கலைப்பொருளாகவே பார்க்கிறேன். முன்னே மிதித்தால் ஓடும். நிறுத்தினால் உருளும். பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். ஃப்ரீவீல் பறித்துக்கொண்ட கால் பிரேக்கை ஃப்ரீவீலுக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார்கள்.

டார்பிடோவில் நாக்கு கிடையாது. சாய்தளம் வெட்டிய உட்பகுதி, அதன் மேல் சிறு எஃகு உருளைகள், சுற்றிலும் வழவழப்பான கிண்ணம். மிதித்தால் உருளைகள் சாய்தளத்தில் ஏறிக் கிண்ணத்துக்கும் உட்பகுதிக்கும் நடுவில் ஆப்பாக இறுகிவிடும். நிறுத்தினால் கீழே இறங்கித் தளர்ந்துவிடும். பல்லே இல்லாததால் சத்தமும் இல்லை. எந்த இடத்திலும் பிடிக்கும். அடுத்த பல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த உருளை அமைப்புதான் மோட்டார் காருக்குள் போனது. காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு சிறு பல்சக்கரம், எஞ்சினின் பெரிய வளையப் பற்களைச் சுற்றிவிடும். இரண்டுக்கும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்குப் பத்து அல்லது அதற்கும் மேல். எஞ்சின் உயிர்பிடித்து நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நொடியில் நீங்கள் சாவியை இன்னும் பிடித்திருந்தால், கணக்குப்படி ஸ்டார்ட்டர் மோட்டார் 15,000 சுற்றுக்கு இழுக்கப்பட வேண்டும். அதன் செப்புக் கம்பிகள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வராமல் காப்பது அந்தச் சிறு பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒருவழிக் கிளட்ச். எஞ்சின் முந்தியதும் அது கைவிட்டுவிடுகிறது.

ஆனால் ஒருவழிக் கிளட்ச் எந்தத் திசையில் விடும், எந்தத் திசையில் பிடிக்கும் என்பதை மறந்தால் அடி விழும். பழைய புல்லட்டைக் கிக்கரில் உதைத்தவர்களுக்கு இது தெரியும். எஞ்சின் முன்னோக்கி ஓடத் தொடங்கினால் கிக்கர் தானாக விடுபடும். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பிடித்து எஞ்சின் பின்னோக்கி உதறினால், அதே பற்கள் கவ்விக்கொண்டு கிக்கரை மேலே வீசும். கணுக்காலில் அதன் முத்திரை வாங்கிய மாமன் மச்சான் யாராவது எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

கார்களின் கியர் அமைப்பிலேயே ஃப்ரீவீல் வைத்த காலமும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் 1930-இல் அதைப் பெருமையாக விளம்பரப்படுத்தியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் சைக்கிள் போல் சும்மா உருளும். பெட்ரோல் மிச்சம், கியர் மாற்றுவதும் சுலபம். சமவெளியில் சுகம், மலையில் இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தாது, பிரேக் மட்டும்தான் துணை. அந்த மோகம் சீக்கிரம் தணிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலிருந்து நியூட்ரலில் வண்டியை விட்டுக்கொண்டு இறங்கி, எரிபொருள் மிச்சம் என்று மார்தட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது கையால் போடும் ஃப்ரீவீல். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குச் செங்குத்தாக இறங்கும் கல்லட்டிச் சாலையின் எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் அவர்களுக்காகத்தான்.

ஃப்ரீவீல் உண்மையாகவே தேவைப்பட்ட கார் ஒன்று இருந்தது: சுவீடனின் சாப். அதன் பழைய மாதிரிகளில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் அதற்கு உயவு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு, சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுற்றவைத்தால் என்ன ஆகும்? பெட்ரோல் வராது, கூடவே ஆயிலும் வராது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நம்மூரில் டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஊட்டியிலிருந்து இறங்கியவர்கள் அவ்வப்போது சும்மாவேனும் ஆக்சிலரேட்டரைத் திருகிவிடுவதன் பின்னணி இதுதான். சாப் பொறியாளர்கள் ஃப்ரீவீல் வைத்து எஞ்சினை அந்த நேரத்தில் விடுவித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1967 மாதிரியிலிருந்து நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்த பிறகும், தேவையே இல்லாத நிலையிலும், சாப் 96-இல் 1980-இல் உற்பத்தி நின்றவரை ஃப்ரீவீலை அவர்கள் கழற்றவே இல்லை. பழகிவிட்டது போலும்.

தானியங்கி கியர் உள்ள கார்களில், எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் ஒரு ஃப்ரீவீல் ஒளிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஹெலிகாப்டருக்குப் போகிறேன்.

எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாய் விழும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விழாது, ஓட்டுபவர் கைதேர்ந்தவராக இருந்து, உயரமும் வேகமும் போதுமான அளவு இருந்தால். எஞ்சினுக்கும் மேலே சுற்றும் ரோட்டருக்கும் நடுவில் ஒரு ஃப்ரீவீல் இருக்கிறது. எஞ்சின் செத்ததும் அது ரோட்டரை விட்டுவிடும். விமானி உடனே இறக்கைகளின் சாய்வைக் குறைப்பார். வண்டி இறங்க இறங்கக் கீழிருந்து மேலே பாயும் காற்று ரோட்டரைத் தொடர்ந்து சுற்றவைக்கும். தரை நெருங்கும்போது, ரோட்டரில் சேர்ந்திருக்கும் அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறக்கிவிடுவார்கள். ஃப்ரீவீல் இல்லாவிட்டால் செத்த எஞ்சினைச் சுமந்துகொண்டு ரோட்டர் சுற்ற வேண்டும். சில நொடிகளில் வேகம் போய்விடும். இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டரில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி ஃப்ரீவீல். ஒன்று நின்றால் மற்றது அதை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

எனக்குச் சோறு போட்ட ஃப்ரீவீல் இதைவிடப் பகட்டில்லாதது. ஒரு சிமெண்ட் ஆலையில் பக்கெட் எலிவேட்டர்களும் சாய்வு கன்வேயர்களும் என் பொறுப்பில் இருந்தன. பக்கெட் எலிவேட்டர் என்பது செயினிலோ பெல்ட்டிலோ வரிசையாகத் தொட்டிகள் கட்டிய நெடிய கோபுரம். கிணற்று ராட்டினத்தின் பேரன். ஒரு பக்கம் நிறைந்த தொட்டிகள் மேலே ஏறும், மறுபக்கம் காலித் தொட்டிகள் இறங்கும். கரண்ட் போனால் நிறைந்த பக்கம் கீழே விழத் தொடங்கும். முழு இயந்திரமும் பின்னோக்கி வேகமெடுக்கும். கியர் பாக்ஸ், தண்டுகளை இணைக்கும் கப்ளிங், மோட்டார் எல்லாம் பின்னோக்கிச் சுழலும். செயின் அறுந்து தொட்டிகள் அடியில் குவிந்தால், அதை அள்ளி எடுப்பதற்கே நாள்கணக்கில் ஆகும். இதைத் தடுப்பது பேக்ஸ்டாப். முன்னே சுற்ற விடும், பின்னே ஒரு அங்குலமும் விடாது. சைக்கிள் ஃப்ரீவீலின் அதே கருத்து. ஆனால் வேலை தலைகீழ். அங்கே விடுவதற்காக வைத்தார்கள், இங்கே பிடிப்பதற்காக.

2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். ஒவ்வொரு மின்தடையும் எங்களுக்கு ஒரு பேக்ஸ்டாப் சோதனை. விளக்கணைந்ததும் எல்லோரும் டார்ச்சைத் தேடுவார்கள். நான் காதைத் தீட்டிக்கொள்வேன். பிடித்தால் ஒரு கனத்த “டொக்”, பிறகு நிசப்தம். அது கேட்கும்வரை மூச்சு வராது.

பேக்ஸ்டாப்பை எங்கே வைப்பது என்பதில் பொறியாளர்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு. மோட்டார் பக்கம், வேகமாகச் சுற்றும் தண்டில் வைத்தால் முறுக்கு விசை குறைவு. சிறியது போதும், விலையும் குறைவு. கோபுர உச்சியில் தொட்டி வரிசையைச் சுற்றவைக்கும் மேல் உருளை பக்கம், மெதுவாகச் சுற்றும் தண்டில் வைத்தால் பெரிதாக வேண்டும், விலை பல மடங்கு. கணக்குப் பார்ப்பவர்கள் முதலாவதைக் கேட்பார்கள். ஆனால் கியர் பல் உடைந்தாலோ கப்ளிங் அறுந்தாலோ, மோட்டார் பக்கம் உட்கார்ந்திருக்கும் பேக்ஸ்டாப் எதைப் பிடிக்கும்? பாரத்துக்கும் அதற்கும் தொடர்பே போய்விட்டதே. பெரிய எலிவேட்டர் என்றால் நான் எப்போதும் இரண்டாவது கட்சி. கொள்முதல் பிரிவோடு இதற்காகப் போட்ட சண்டைகளில் பாதிதான் ஜெயித்தேன்.

இந்தப் பெரிய பேக்ஸ்டாப்புகளில் உருளைக்குப் பதிலாக எட்டுப் போன்ற வடிவத்தில் எஃகுத் துண்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் வழிவிடும், மறுபக்கம் சாய்ந்தால் நிமிர்ந்து இரண்டு வளையங்களுக்கு நடுவில் முட்டுக்கொடுக்கும். முழுக்க முழுக்க உராய்வை நம்பிய பிடிப்பு. அதனால்தான் அந்த ஜெர்மன் கையேட்டில், கிராஃபைட், மாலிப்டினம் போன்ற வழவழப்புச் சேர்க்கைகள் கலந்த ஆயிலை ஊற்றாதே என்று எழுதியிருந்தது. கியருக்கு உயர்ந்த ஆயில் எதுவோ அதுவே பேக்ஸ்டாப்புக்கு விஷமாகலாம். சைக்கிள் கடை மாமாவுக்கு அந்தக் கையேட்டைப் படித்துக்காட்டியிருந்தால், “இதைச் சொல்ல ஜெர்மனியா வேண்டும்?” என்று கேட்டிருப்பார்.

இன்னொரு பாடம் மின்பணியாளர்களிடமிருந்து வந்தது. மோட்டாரைப் பழுது பார்த்துத் திரும்பப் பொருத்தும்போது மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண விசிறி என்றால் காற்று வராது, அவ்வளவுதான். பேக்ஸ்டாப் உள்ள இயந்திரத்தில் மோட்டார் பின்னே திருக, பேக்ஸ்டாப் விடமாட்டேன் என்று நிற்க, இரண்டில் ஒன்று உடையும். ஆகவே கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரைத் தனியாக ஒரு நொடி ஓட்டிப் பார்த்து, திசை சரி என்றபின்தான் இணைக்க வேண்டும். அந்த ஒரு நொடிச் சோதனையை நேரமில்லை என்று தவிர்க்கச் சொல்லும் மேலாளரை நம்பாதீர்கள்.

நெசவுப் பக்கம் வளர்ந்தவனுக்கு இதன் மூதாதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. விசைத்தறியில் ஒவ்வோர் ஊடையும், அதாவது குறுக்கு நூலும், ஓடியபின் துணி ஒரு நூலளவு முன்னே சுருட்டப்பட வேண்டும். ஒரு நாக்கு பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளும். இன்னொரு நாக்கு அது திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் துணியைப் பின்னே இழுத்துக்கொண்டே இருக்கும் அல்லவா? பிடிக்கும் நாக்கு தேய்ந்தால் ஊடைகளின் இடைவெளி கலைந்து துணியில் குறுக்குக் கோடு விழும். பக்கத்து வீட்டுத் தறியில் அந்தக் கோட்டுக்காகக் கூலி பிடித்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

உடற்பயிற்சிக் கூடத்தில் ஃப்ரீவீலைத் தேடினால் முதலில் கிடைப்பது துடுப்பு இயந்திரம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் படகோட்டிகளான டிக், பீட்டர் டிரைசிகாக்கர் சகோதரர்கள், துடுப்புச் செய்து விற்றவர்கள், 1981-இல் கான்செப்ட்2 இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் மாதிரியில் சுற்றியது ஒரு சைக்கிள் சக்கரமேதான். காற்றை அறைய அதில் தகடுகள் கட்டியிருந்தார்கள். கைப்பிடியை இழுத்தால் செயின் பல்சக்கரத்தின் வழியே சக்கரத்தைச் சுற்றும். கையைத் திரும்பக் கொண்டுபோகும்போது ஃப்ரீவீல் விட்டுவிடும். சக்கரம் தன்பாட்டில் சுழலும். தண்ணீரில் துடுப்பைத் தூக்கியபின் படகு நழுவுவது போலவே.

அந்த இயந்திரத்தில் என்னை மயக்கியது அதன் கணக்கு. உடம்பு எவ்வளவு வேலை செய்தது என்று அது எப்படிச் சொல்கிறது? இழுக்காத நேரத்தில் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதைக் கருவி அளக்கிறது. அப்போது மனிதர் தலையீடு இல்லை, காற்றின் எதிர்ப்பு மட்டுமே. அதிலிருந்து அந்த நேரத்து எதிர்ப்பைக் கண்டுபிடித்து, அடுத்த இழுப்பில் நீங்கள் செலுத்திய திறனைக் கணக்கிடுகிறது. தூசி அடைத்தாலும், கடலோரத்தில் இருந்தாலும் மலையில் இருந்தாலும், கணக்கு தானே சரிசெய்துகொள்ளும். ஃப்ரீவீல் கொடுத்த ஓய்வு நேரத்தையே அளவுகோலாக்கியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே கூடத்தின் மறுமூலையில், இருட்டறையில் பாட்டுப் போட்டு வரிசையாக மிதிக்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் கிடையாது. கனத்த சுழல்சக்கரம் பெடலோடு நேராகப் பிணைந்திருக்கும். மிதிப்பதைச் சட்டென்று நிறுத்த நினைப்பவரின் காலைச் சக்கரம் தூக்கி வீசும். அதனால்தான் முன்னால் சிவப்புக் குமிழ் ஒன்று வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் பிரேக். 1885-ஆம் ஆண்டின் சங்கடத்தைக் கட்டணம் கட்டி வாங்குகிறோம். ஆனாலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு: கால் ஓய்வெடுக்க வழியே இல்லை என்பதுதான் அங்கே பயிற்சி. வட்டரங்கப் பந்தய சைக்கிள்களுக்கும் ஃப்ரீவீல் இல்லை, பிரேக்கும் இல்லை. நெருங்கி ஓடும் கூட்டத்தில் ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் குவிந்துவிடுவார்கள்.

சாலை சைக்கிள்காரர்கள் கதை இதற்கு எதிர்ப்புறம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் நின்றால், மிதிப்பதை நிறுத்தியதும் வண்டுக் கூட்டம் போல் இரையும் ஹப்புகளைக் கேட்கலாம். உள்ளே பற்கள் கூடக் கூட, காலை மறுபடி வைத்ததும் பிடிப்பு சீக்கிரம் கிடைக்கும்: 36 பல் என்றால் பத்து டிகிரி, 72 என்றால் ஐந்து. மலைப்பாதையில் பாறை ஏறுபவருக்கு அந்த ஐந்து டிகிரி தேவை. மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புபவருக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் லாபம். ஷிமானோ நிறுவனம் 1970-களில் ஃப்ரீவீலைப் பின்னாலிருந்து எடுத்துப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கால் நின்றாலும் செயின் ஓடிக்கொண்டே இருக்கும். உருளும்போதே கியர் மாற்றலாம். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் கால் நின்றபின்னும் ஓடும் செயினுக்குப் பக்கத்தில் வேட்டியோ பேன்ட் விளிம்போ எப்படி இருக்கும் என்று யோசித்தால், அது நிலைக்காததில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது மின்சார சைக்கிள்களின் காலம். ஃப்ரீவீலுக்கு இங்கேதான் உண்மையான எதிரி முளைத்திருக்கிறது. மின்மோட்டாரைத் திருப்பிச் சுற்றவைத்தால் அது ஜெனரேட்டர். இறக்கத்தில் வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே அனுப்பலாம். சென்னை மெட்ரோ ரயில் பிரேக் பிடிக்கும்போது அதைத்தான் செய்கிறது. ஆனால் அதற்குச் சக்கரம் மோட்டாரைச் சுற்றவைக்க வேண்டும், அதாவது விசை பின்னோக்கி வர வேண்டும். நடுவில் ஃப்ரீவீல் இருந்தால் எதுவும் திரும்பி வராது.

குன்னூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் மின்சார சைக்கிள் வாங்க ஆசைப்பட்டு, “மாமா, எந்த மோட்டார் போட்டது வாங்கட்டும்?” என்று கேட்டான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆளும் வண்டியுமாக 100 கிலோ, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், ஒருமுறை நிறுத்தும்போது கைக்கு வரக்கூடிய ஆற்றல் அரை வாட் மணிக்கும் குறைவு. 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரி 360 வாட் மணி கொள்ளும். கோயம்புத்தூரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று சேமித்தாலும் தேறாது. சமவெளிக்கு ஃப்ரீவீல் உள்ள சிறு மோட்டாரே மேல். பேட்டரி தீர்ந்தாலும் லேசாக மிதிக்கலாம்.

குன்னூர் வேறு. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கம் ஏறத்தாழ 1,900 மீட்டர். அதே 100 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கினால் விடுபடுவது 500 வாட் மணிக்கு மேல். ஒரு பேட்டரிக்கும் அதிகம். காற்றும் டயரும் தின்றது போக மீதி, பிரேக் கட்டைகளைச் சுடவைத்து வீணாகத்தான் போகிறது. ஆகவே ஃப்ரீவீல் இல்லாத, சக்கரத்தோடு நேராகப் பிணைந்த மோட்டார்தான் உனக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த வகை மோட்டார் செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தால் சூடாகிவிடும். ஏற்றத்துக்கு நல்லது பெடலுக்கு நடுவில் பொருத்தும் மோட்டார். அது சைக்கிளின் கியர்களையே பயன்படுத்திக்கொள்ளும். அதன் விசை செயின் வழியாகப் பின்னால் போய்ச் சேர்வதோ ஃப்ரீவீலுக்கு. இறக்கத்தில் ஒரு வாட் மணியும் திரும்பாது. மின்சாரம் சேமிக்க ஏற்ற மலையில் அதைச் சேமிக்கும் மோட்டார் ஏறத் திணறுகிறது. ஏறும் மோட்டார் சேமிப்பதில்லை. அவன் இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்குப் பஸ்ஸில்தான் போய்வருகிறான்.